கேள்வி விற்றவரிடமிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்சார ஸ்கூட்டருக்கும் பதிவு வேண்டும், இலக்கத் தகடு வேண்டும், ஓட்டுகிறவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று கண்டிப்பு வரத் தொடங்கியதிலிருந்து கொழும்பில் எங்கே போனாலும் இதே பேச்சுத்தான். பஸ்ஸில் பேசுகிறார்கள், தேநீர்க் கடையில் பேசுகிறார்கள், என் கராஜ் வாங்கில் உட்கார்ந்தும் பேசுகிறார்கள். ஒரு கூட்டம் "எல்லாவற்றையும் பிடித்து லொறியில் ஏற்றுங்கள்" என்கிறது. இன்னொரு கூட்டம் "இல்லாதவன் வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று கொதிக்கிறது. இரண்டு கூட்டத்தாரும் எனக்குத் தெரிந்தவர்கள். இரண்டு பேச்சிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இந்த வண்டியைத் துறைமுகத்தில் இறக்கியவரைப் பற்றியும், பளபளப்பான கடையில் வைத்து விற்றவரைப் பற்றியும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் ஆமர் வீதிப் பக்கம் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். பெற்றோல் வண்டியில் தொழில் படித்தவன். 2022 க்குப் பிறகு மின்சார ஸ்கூட்டர்களும் என்னிடம் வரத் தொடங்கி, இப்போது வேலையில் பெரும் பங்கு அவைதான். வீதியில் போகும்போது இந்த வண்டிகளைப் பார்த்துப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். நான் பிளாஸ்டிக் கவரைக் கழற்றி உள்ளே பார்க்கிறவன். சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் அது சந்தியில் மறிக்கப்பட்டு நிற்கும் ஓட்டுநரிடம் ஆரம்பித்து அவரிடமே முடிந்துபோனால், அதில் நியாயமும் இல்லை, வீதிக்குப் பாதுகாப்பும் இல்லை.

இந்த வண்டிகள் எப்படி வந்தன என்பதை மறந்துவிட்டு யாரும் பேசக் கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புது மோட்டார் சைக்கிள் வருவது நின்றுபோக, பழையவற்றின் விலை ஏறிக்கொண்டே போனது. ஓடித் தேய்ந்த வண்டியைக்கூட, புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கேட்ட காலம் அது. அதன்மேல் 2022 வந்தது. ஜூன் மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. காசு கையில் இருந்தாலும் பெற்றோல் இல்லை. வரிசையில் வண்டியை விட்டுவிட்டு நடைபாதையில் படுத்துத் தூங்கியவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு 4 லீற்றர் எந்த மூலைக்கு?

அந்த நேரத்தில்தான் இந்த ஸ்கூட்டர்கள் கடைக் கண்ணாடிக்குள் வரிசையாக வந்து நின்றன. "பெற்றோல் தேவையில்லை, லைசன்ஸ் தேவையில்லை, நம்பர் தேவையில்லை" என்று பெரிய எழுத்தில் பதாகை கட்டினார்கள். ஒளித்து மறைத்து விற்கவில்லை. பிரதான வீதியில், பட்டப்பகலில், பில் போட்டு, தவணைக்கும் கொடுத்து விற்றார்கள். பொலிஸ் அந்த வழியால் போய் வந்துகொண்டுதான் இருந்தது. அரசாங்கத்தின் கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள் வெளிப்படையாக விற்கப்படும்போது, அது சட்டப்படியானது என்று சாதாரண மனிதர் நம்புவதில் என்ன பிழை இருக்கிறது?

வாங்கியவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டும். ஜம்பட்டா வீதிப் பக்கம் சாரி பிளவுஸ் தைக்கும் ஒரு அக்கா இருக்கிறார். தைத்ததைப் புறக்கோட்டைக் கடைகளுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். முன்பு ஓட்டோவில் போனவர், ஓட்டோக் கூலி கட்டுப்படியாகாமல் ஒரு சோடி வளையலை அடகு வைத்து ஸ்கூட்டர் வாங்கினார். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை வீடு வீடாகப் போய்க் கணிதம் சொல்லிக் கொடுக்கும் ஒரு மாஸ்டர் வருவார். செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் தம்பிமார் சிலர், முகத்துவாரத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒருவர். விளையாட்டுக்காக வாங்கியவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் வயிற்றுப்பாட்டுக்காக வாங்கியவர்கள்.

ஏன் அவர்கள் இதை விட மாட்டார்கள் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. 72 வோல்ட், 20 அம்பியர்-மணி பற்றரி என்றால், நிறைய ஏற்றினால் ஒன்றரை யூனிற்றுக்குக் கிட்டத்தான் பிடிக்கும். சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் இரண்டு யூனிற்றைத் தாண்டாது. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியது. அப்போதுகூட, நகரத்துக்குள் ஓடுகிறவருக்குப் பெற்றோலைவிட இதுதான் மலிவாக இருந்தது. புகையும் இல்லை. இதை ஒழித்துக்கட்ட வேண்டிய சாபக்கேடாகப் பேசுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

சரி, இனி வண்டியைப் பற்றி. அந்தத் தையல்கார அக்காவின் ஸ்கூட்டர் பிரேக் பிடிக்கவில்லை என்று வந்தது. வேலை முடிந்ததும், "அக்கா, பதிவு செய்யச் சொல்கிறார்களாம், கடதாசிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். ஆசனத்துக்குக் கீழே இருக்கும் பெட்டியிலிருந்து பொலித்தீனில் சுற்றிய பில்லை எடுத்துத் தந்தார். ஒரே ஒரு தாள். மின்சாரத் துவிச்சக்கர வண்டி, சிவப்பு நிறம், விலை, பற்றரிக்கு ஆறு மாத உத்தரவாதம், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். சேசிஸ் இலக்கம் இல்லை, மோட்டார் இலக்கம் இல்லை, சுங்கத்தில் தீர்வை கட்டிய விவரம் எதுவும் இல்லை. அதே பெட்டிக்குள் இன்னொரு பொலித்தீன் பையில் ஒரு சோடி பெடல். திருகாணியோடு புதிதாகவே இருந்தது. அந்தப் பெடலை மாட்டினாலும் மிதித்து ஓட்ட முடியாது. ஆறு ஈயப் பற்றரியோடு வண்டி கிட்டத்தட்ட நூறு கிலோ வரும். பெடலைச் சும்மா பெட்டிக்குள் போட்டுவைத்து, அதைக் காட்டி மோட்டார் சைக்கிளைத் துவிச்சக்கர வண்டியாக விற்றிருக்கிறார்கள். அக்காவுக்கு அது எதற்கென்றே தெரியாது.

பின் சில்லுக்குள் இருக்கும் மோட்டாரைத் துடைத்துப் பார்த்தேன். 1000 வோற்ஸ் என்று பொறித்திருந்தது. கால் வைக்கும் பலகைக்குக் கீழே, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் இருக்கும். அதிலிருந்து வரும் வயர்க் கூட்டத்துக்குள் ஒரு சின்னச் சோடி இணைப்பு இருக்கிறது; இப்படிப்பட்ட பெரும்பாலான வண்டிகளில் உண்டு. அது பூட்டியிருந்தால் வண்டி மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் போகாது. இழுத்து விட்டால் 45, 50 வரை தாராளமாகப் போகும். இந்த வேலைக்கு ஆயுதம் எதுவும் வேண்டாம், விரல் போதும். கடையிலேயே இழுத்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அக்காவின் வண்டியிலும் இழுத்துத்தான் விட்டிருந்தது. பிரேக் பிடிக்காததற்குக் காரணமும் அதுதான். 25 கிலோமீற்றர் வேகத்துக்கு என்று போட்ட சின்ன ட்ரம் பிரேக்கில் 50 இல் ஓடுகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இது எந்த வண்டிக்கும் பொதுவான கணக்கு. ஓட்டுகிறவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. விற்றவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

சேசிஸ் இலக்கத்தைத் தேடும் கதை இன்னும் மோசம். மோட்டார் சைக்கிளில் என்றால் கைப்பிடிக்குக் கீழே கழுத்தில் ஆழமாக அடித்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக்கூடப் படிக்கலாம். இந்த ஸ்கூட்டர்களில் சிலவற்றில் ஆசனத்துக்குக் கீழே, சிலவற்றில் கால் பலகைக்குக் கீழே, கீறல் போல மெல்லிசாக இருக்கும். மழைத் தண்ணீர் பட்டுத் துருப்பிடித்துப்போனால் பாதி எழுத்துத் தெரியாது. ஒரு சில வண்டிகளில் அடிக்கவே இல்லை, வெறும் ஸ்டிக்கர். சேவிஸ் நிலையத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவியபோது உரிந்துபோன ஸ்டிக்கரைத் தேடி என்னிடம் ஒருவர் வந்தார், பாவம். இப்படியான வண்டியை எந்த இலக்கத்தின் பெயரில் பதிவது? நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வாசல்வரை போனாலும், சுங்கப் பத்திரம் எங்கே, இறக்குமதியாளரின் கடிதம் எங்கே என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்பதும் சரிதான், திருட்டு வண்டியைப் பதிந்துவிடக் கூடாதே. ஆனால் அந்தப் பத்திரங்கள் வாங்கியவர் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. இருக்க வேண்டியது விற்றவர் கையில்.

அக்கா தான் வாங்கிய கடையைத் தேடிப் போனார். அங்கே இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்களாம். முன்பிருந்தவர்கள் எங்கே என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். "அண்ணா, லைசன்ஸும் வேண்டாம், நம்பரும் வேண்டாம் என்று அவர்கள்தானே சொன்னார்கள்? இப்போது பிடிபட்டால் தண்டம் நானா கட்ட வேண்டும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கொழும்பில் பெரிய கட்டடங்களில் இருக்கிறார்கள். இறக்குமதி செய்யும் எந்தப் பொருளும் சுங்கத்தைத் தாண்டித்தான் வருகிறது. பெயர், முகவரி, எண்ணிக்கை எல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். முழு வண்டியாக வந்ததோ, பாகமாக வந்து இங்கே பூட்டியதோ, யார் கொண்டுவந்தார்கள் என்று கண்டுபிடிப்பது அரசாங்கத்துக்கு ஒரு நாள் வேலை. அந்தத் தையல்கார அக்காவுக்கு அது ஆயுள் முழுக்கத் தேடினாலும் முடியாது.

எந்த வண்டி துவிச்சக்கர வண்டி, எது மோட்டார் சைக்கிள் என்று கோடு கிழிப்பதும் நாம் புதிதாகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டிய விஷயமில்லை. நமது மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம். எத்தனையோ தடவை திருத்தியிருந்தாலும் அடிப்படை பெற்றோல் காலத்தது, இயந்திரத்தை சீசீ கணக்கில் பார்க்கும் காலத்தது. மின்சார மோட்டாருக்குச் சீசீ கிடையாது. பக்கத்தில் இந்தியாவில் 250 வோற்ஸுக்கு உட்பட்டு, மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் போகாத வண்டிக்குப் பதிவும் லைசன்ஸும் கேட்பதில்லை. அதைத் தாண்டினால் மோட்டார் சைக்கிளுக்குரிய எல்லாம் வேண்டும். இங்கே ஓடும் வண்டிகளில் அனேகமானவை சீனாவில் செய்தவை. அந்தச் சீனாவிலேயே 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தேசியத் தரம், மின்சாரத் துவிச்சக்கர வண்டிக்கு உச்ச வேகம் 25 கிலோமீற்றர், மோட்டார் 400 வோற்ஸ், பற்றரி 48 வோல்ட், எடை 55 கிலோ என்று எல்லை போட்டது. பிறகு அதைத் திருத்தியிருக்கிறார்கள், ஆனாலும் வேக எல்லை 25 தான். அந்தக் கோட்டைத் தாண்டியதை அங்கே மோட்டார் வாகனமாகத்தான் பதிய வேண்டும், லைசன்ஸ் எடுத்துத்தான் ஓட்ட வேண்டும். செய்த நாட்டில் மோட்டார் சைக்கிளாக இருக்கும் வண்டி கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியதும் துவிச்சக்கர வண்டியாக மாறியது எப்படி? இந்தக் கேள்வியைச் சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் கேட்க முடியாது. திணைக்களமும் சுங்கமும்தான் கேட்க வேண்டும்.

என் வாங்கில் உட்காரும் சிலர் பாரிஸைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் அங்கே நிறைய இருக்கிறார்களே. "லாச்சப்பலில் இருக்கும் மச்சான் சொன்னான், அங்கே மக்களே வாக்குப் போட்டுத் தடை செய்துவிட்டார்கள்" என்பார்கள். உண்மைதான், 2023 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 89 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். ஆனால் அவர்கள் வேண்டாம் என்றது வீதியோரம் போட்டுவிட்டுப் போகும் வாடகை ஸ்கூட்டர்களை, அதுவும் நின்றுகொண்டு ஓட்டும் சின்ன வகையை. வாக்களிக்கப் போனவர்களும் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. சொந்த ஸ்கூட்டரை அங்கே இப்போதும் ஓட்டலாம். வயது எல்லையை 12 இலிருந்து 14 ஆக்கினார்கள், அவ்வளவுதான். நமது நாட்டில் பிரச்சினையே வேறு. உட்கார்ந்து ஓட்டும், இரண்டு பேர் போகும், வேலைக்குப் பயன்படும் வண்டி நமது வண்டி. இரண்டையும் ஒரே தராசில் வைத்துத் தடை கேட்பது சரியில்லை.

ஆனால் சட்டமே வேண்டாம் என்று சொல்லும் என் வாடிக்கையாளர்களிடம் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. ஓட்டுகிறவர்கள் இதை மனம் வைத்துப் படிக்க வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் பேரப்பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டு வீதியைக் கடக்கும்போது ஒரு மின்சார ஸ்கூட்டர் மோதிவிட்டது. சத்தமே இல்லாமல் வந்தது. பெற்றோல் வண்டி என்றால் காது முதலில் கேட்கும், பிறகு கண் பார்க்கும். வயதானவர்கள் காதை நம்பித்தான் வீதியில் இறங்குகிறார்கள். அவருக்கு இடுப்பெலும்பில் முறிவு. ஓட்டி வந்த பையன் ஓடிவிடவில்லை, அவனே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், நல்ல பையன். ஆனால் அதற்குப் பிறகு? இலக்கத் தகடு இல்லாத வண்டிக்குக் காப்புறுதி கிடையாது. பதிவு செய்த மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம். மோதினால் அடிபட்டவருக்கு நட்டஈடு கேட்க ஒரு வழி இருக்கிறது. இங்கே அந்தப் பையனின் தாய் கடன் வாங்கிக் கொஞ்சக் காசு கொடுத்தார். பெரியவர் வீட்டில் மிச்சத்தை அவர்களே போட்டார்கள். இரண்டு குடும்பமும் இன்றுவரை கடனில் இருக்கிறது. இந்த நாட்டில் ஆண்டுதோறும் வீதியில் சாகிறவர்கள் 2,000 பேருக்கு மேல். அதில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும் நடந்து போகிறவர்களும் எத்தனை பேர் என்று எந்த ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் கேட்டாலும் சொல்வார்கள். இலக்கத் தகடு நம்மைப் பிடிப்பதற்கு மட்டும் வைத்தது என்று நினைக்காதீர்கள். நாம் யாரையாவது மோதினாலும், நம்மை யாராவது மோதினாலும், கை கொடுப்பது அதுதான்.

விளையாட்டுக்கு ஓட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மரைன் டிரைவில் மாலையில் போய்ப் பாருங்கள். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், மீசைகூட முளைக்காதவர்கள், ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர். ஹெல்மெட் இல்லை. நடைபாதையில் ஏறுவார்கள், ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கம் வருவார்கள். பெற்றோரைக் கேட்டால் "அது சைக்கிள் மாதிரித்தானே" என்கிறார்கள். 1000 வோற்ஸ் மோட்டாரைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் கொடுப்பதும் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுப்பதும் ஒன்றுதான். இந்த இடத்தில் பொலிஸ் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நான் அவர்கள் பக்கம். பிள்ளையிடம் தண்டம் கேட்பதைவிடத் தாய் தகப்பனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இப்படி எல்லோரையும் குறை சொல்லிவிட்டு என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு ஒரு வாசல் திறக்க வேண்டும். காலக்கெடு வைத்து, பில் இருந்தால் பில், இல்லாவிட்டால் சத்தியக் கடதாசி வாங்கிக்கொண்டு, வண்டியை நேரில் பரிசோதித்து, சேசிஸ் இலக்கம் இல்லாததற்குத் திணைக்களமே ஓர் இலக்கத்தை அடித்துக் கொடுத்துப் பதிய வேண்டும். திருட்டு வண்டியா என்று பொலிஸ் பார்த்துக்கொள்ளட்டும். கட்ட வேண்டிய தீர்வையில் ஏதாவது குறை இருந்தால் அதை இறக்குமதி செய்தவரிடம் அறவிட வேண்டும், வளையலை அடகு வைத்த பெண்ணிடம் கேட்கக் கூடாது. கடையை மூடிவிட்டுப் போனாலும் கம்பனிப் பதிவு இருக்கிறது, இயக்குநர்களின் பெயர் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டு, தாங்கள் விற்ற வண்டிகளுக்குரிய பத்திரங்களைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த கொள்கலனை விடக் கூடாது. இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பரிசோதனையிலும் விவரம் தெரிந்தவர் இருக்க வேண்டும். பில்லைப் பார்த்து வகை பிரித்தால் ஏமாந்துபோவார்கள். மோட்டாரில் பொறித்திருக்கும் வோற்ஸைப் பார்க்க வேண்டும், கொன்ட்ரோலரைத் திறந்து அந்த வேகக் கட்டுப்பாட்டு வயரைப் பார்க்க வேண்டும், பிரேக்கைப் பார்க்க வேண்டும். 250 வோற்ஸ், 25 கிலோமீற்றருக்குள் உண்மையிலேயே நிற்கும் சின்ன வண்டி என்றால் அதைத் துவிச்சக்கர வண்டியாகவே விட்டுவிடுங்கள். ஹெல்மெட்டையும் வயதையும் மட்டும் கட்டாயமாக்குங்கள். மற்றதெல்லாம் மோட்டார் சைக்கிள்.

லைசன்ஸ் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். தையல்கார அக்காவைப் போல நாற்பது வயதைத் தாண்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாகனத்தில் கை வைத்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள். மருத்துவச் சான்றிதழுக்கு ஒரு நாள், விண்ணப்பத்துக்கு ஒரு நாள், எழுத்துப் பரீட்சைக்கு வெரஹெரவுக்கு ஒரு நாள், ஓட்டிக் காட்ட இன்னொரு நாள் என்று போனால் நாட்கூலி போய்விடும். பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம், ஆனால் அங்கே நடக்கும் அறிவிப்பும் விளக்கமும் தமிழில் கிடைப்பது ஆளைப் பொறுத்தது. வட கொழும்பில் சனி, ஞாயிறுகளில் நடமாடும் சேவை ஒன்று வைத்து, பதிவையும் பரீட்சையையும் ஒரே இடத்தில் செய்தால் என்ன? அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடமாடும் சேவை வைக்கிறார்கள்தானே.

திணைக்களத்தின் பக்கம் இருக்கும் குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். லைசன்ஸ் அட்டை அச்சடிக்க முடியாமல் பல மாதம் கடதாசியில் தற்காலிக லைசன்ஸ் கொடுத்த காலம் இருந்தது. 2025 இல் இலக்கத் தகட்டுக்குத் தட்டுப்பாடு வந்து, முறையாகப் பதிந்த புது வாகனங்களே தகடு இல்லாமல் ஓடின. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறவரிடம் ரசீது இருந்தால் அதையே போதுமானதாக எடுத்துக்கொள்ள வேண்டும். தகடு வரத் தாமதமானதற்கு அவரிடம் தண்டம் எழுதக் கூடாது.

பற்றரியைப் பற்றி எந்தக் கூட்டமும் பேசுவதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் இரவில் பயம் தருவது. தமிழ்நாட்டில் வேலூரில் 2022 மார்ச்சில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தகப்பனும் மகளும் புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள். அதன் பிறகுதான் இந்தியாவில் பற்றரிப் பரிசோதனையைக் கடுமையாக்கினார்கள். சிங்கப்பூரில் 2020 ஜூலையிலிருந்து தீப்பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத ஸ்கூட்டரை வெளியில் ஓட்டவே முடியாது. நமது தொடர்மாடிகளில் மாடிப்படிக்குக் கீழே, செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாமல் நீட்டு வயர் இழுத்து இரவு முழுக்கச் சார்ஜ் போடுகிறார்கள். வீட்டிலிருந்து வெளியேற இருப்பது அந்த ஒரே படிதான். ஈயப் பற்றரியில் இந்த ஆபத்துக் குறைவு, ஆனால் இப்போது எடை குறைவென்று லிதியத்துக்கு மாறுகிறார்கள். பற்றரிக்குக் காவலாக இருக்கும் மின்சுற்றுப் பலகை இல்லாமலே, பழைய செல்களைச் சேர்த்து ஒட்டிய பற்றரிகள் மலிவாக வருகின்றன. நான் அவற்றைப் பூட்டிக் கொடுப்பதில்லை. நான் பூட்டாவிட்டால் இன்னொருவர் பூட்டிக் கொடுப்பார். இதற்குத் தரம் வைப்பது தனி ஒரு திருத்துநரால் ஆகிற காரியமில்லை, சட்டத்தில் வர வேண்டும். தேய்ந்துபோன ஈயப் பற்றரியை யார் திருப்பி எடுப்பது என்பதும் எழுத்தில் வர வேண்டும். இப்போது பழைய இரும்பு எடுக்கிறவர் கொண்டுபோகிறார், எங்கே உருக்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

விற்பனைக்கு இனி வரும் வண்டிகளில் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். கடைக்காரர் கொடுக்கும் பில்லில் சேசிஸ் இலக்கம், மோட்டாரின் வோற்ஸ், இறக்குமதியாளரின் பெயர், சுங்கப் பத்திர இலக்கம் நான்கும் இருக்க வேண்டும். பதிவு தேவையான வண்டியை, பதிந்து இலக்கத் தகட்டோடுதான் வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளை அப்படித்தானே விற்கிறார்கள். லைசன்ஸ் தேவையில்லை என்று பொய் சொல்லி விற்றால் நுகர்வோர் அதிகார சபையில் முறையிட வழி இருக்கிறது. ஆனால் அதை அறிந்த வாடிக்கையாளர் ஒருவரையும் நான் காணவில்லை. உங்கள் பத்திரிகை இதை எடுத்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

வேகக் கட்டுப்பாட்டு வயரை இழுத்து விடுவதையும் சட்டத்தில் குற்றமாக எழுத வேண்டும், இழுத்தவர் கடைக்காரராக இருந்தாலும் என்னைப் போன்ற திருத்துநராக இருந்தாலும். இப்போது அதைக் கேட்டு வரும் பையன்களை நான் திருப்பி அனுப்பினால் அடுத்த ஒழுங்கையில் ஐந்நூறு ரூபாவுக்குச் செய்துகொண்டு போகிறார்கள். திணைக்களம் விதிகளை எழுதும்போது பஞ்சிகாவத்தையிலும் ஆமர் வீதியிலும் வேலை செய்யும் எங்களையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசினால், எந்த வண்டியில் எந்த இடத்தில் எந்த வயர் இருக்கிறது என்று கழற்றியே காட்டுவோம். கூப்பிட்டால் கராஜை அன்றைக்குப் பூட்டிவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
கொழும்பு 13.